ஏழடிப்பட்டமும் நாவற்சுனையும்

திருவரங்கத் தீவின் தென்கரையில் காவிரிப் பாலத்தருகே நிற்போர்க்கு எதிரே நிமிர்ந்து தோன்றுவது திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை. ஏறத்தாழ 83 மீட்டர் உயரமுள்ள அப்பாறையின் உச்சிக்கு ஏறிப் பிள்ளையாரைக் கண்டு வருவோர் நாள்தோறும் பலர். அக்கோயிலின் பின்புறத்துப் பாறைச் சரிவில் இயற்கையாய் அமைந்த குகைத்தளம் ஒன்று உண்டு என்பதையும், முற்காலச் சமண முனிவர்க்கென அதில் கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன என்பதையும் அறிந்தோர் சிலரே. பள்ளி என்னும் சொல் சமண முனிவர் உறைவிடத்தைக் குறித்ததாதலின், சிரா என்னும் முனிவர் ஒருவரின் பெயரோடு சேர்த்து இவ்வூர்ப் பெயரை விளக்குவாரும் உளர். மூன்று தலை அரக்கன் கதையோடு சேர்த்து விளக்குவாரும் உளர். அவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. இதே மலையில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த குடைவரையின் வடமொழிக் கல்வெட்டு, அம்மன்னன் வேறு நெறியினின்றும் நீங்கிச் சிவநெறி புக்கதைச் சிலேடையாய் உரைக்கின்றது என்பதை மட்டும் நினைவிற் கொள்வோம். நம் வரலாற்றின் ஒரு திருப்பம் அந்தப் பாறையிலேயே எழுதப்பட்டுள்ளது.

ஆயினும் மலைக்கோட்டையின் குகைத்தளம் குடும்பத்தோடு எளிதிற் சென்று காணத்தக்க இடமன்று. பணியின் பொருட்டுத் திருச்சியிலும் திருவரங்கத்திலும் குடியேறி வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகள், "நம் முனிவர் தங்கிய குகை எப்படி இருக்கும்?" என்று கேட்டால் அழைத்துச் சென்று காட்டுதற்கு வேறோர் இடம் வேண்டும். அவ்விடம் அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கின்றது. சித்தன்னவாசல் என்றவுடன், "அது நாங்கள் பார்த்ததுதானே, ஓவியம் இருக்கும் இடம்" என்று பலரும் சொல்வர். நான் சொல்வது ஓவியத்தையன்று. அதே மலையின் மறுபுறத்தில், ஓவியத்திற்குப் பல நூற்றாண்டு மூத்ததாய் விளங்கும் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையையும், அம்மலையிலுள்ள நாவற்சுனையையும் குறித்தே இங்கு எழுதுகின்றேன். ஓவியத்தைக் கண்டு, நிழற்படம் எடுத்துக்கொண்டு, குகையைக் காணாமலே திரும்பிவிடுவோர் நம்மவருள்ளும் மிகுதி. வீட்டின் திண்ணையை வியந்துவிட்டு உள்ளே புகாது திரும்புவதற்கு இஃது ஒப்பாகும்.

கவுந்தியடிகள் நடந்த வழி

திருவரங்கத்திலிருந்து தெற்கே செல்லும் இவ்வழி நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில், கோவலனையும் கண்ணகியையும் உடனழைத்துக் காவிரியின் வடகரை வழியே வந்த கவுந்தியடிகள், அரங்கத்துச் சோலையில் சாரணரைக் கண்டு வணங்குகின்றார். சாரணர் அங்கே ஒரு கல்தளத்தின்மேல் தோன்றி அறவுரை கூறுகின்றனர். பின்னர் மூவரும் ஓடமேறி ஆற்றைக் கடந்து உறையூரை அடைகின்றனர். அடுத்த காடுகாண் காதையில், மாங்காட்டு மறையோன் ஒருவன் மதுரைக்குரிய வழிகளைச் சொல்கின்றான். கொடும்பை என்னும் ஊரின் ஏரிக்கரையில் வழி மூன்றாகப் பிரியும் என்பது அவன் கூற்று. அக்கொடும்பையே இன்று விராலிமலைக்கு அண்மையில் உள்ள கொடும்பாளூர்.

மூன்று வழிகளுள் இடப்பக்கத்து வழியில் திருமால்குன்றத்து மலைப்பிலம் ஒன்றும் அதனுள்ளே மூன்று பொய்கைகளும் உண்டு என்று மறையோன் புகழ்கின்றான். ஒன்றில் நீராடினால் இந்திரன் செய்த இலக்கண நூலின் அறிவு வாய்க்கும்; மற்றொன்றில் பழம்பிறப்பு விளங்கும்; மூன்றாவதில் நினைத்ததெல்லாம் கைகூடும் என்கின்றான். கவுந்தியடிகளின் விடை நம் இல்லத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. அவ்விலக்கணத்தை எங்கள் அருகன் அருளிய ஆகமத்தில் காண்போம். பழம்பிறப்பில் செய்தவற்றை இப்பிறப்பின் நிலையே காட்டவில்லையா. வாய்மை வழுவாது உயிர்களைப் பேணுவோர்க்குக் கிட்டாத பொருள் ஏது? இவ்வாறு வினவிவிட்டு, அவர் நடுவழியே செல்லத் துணிகின்றார்.

மலையையும் குகையையும் சுனையையும் நாம் எந்த மனத்தோடு காணச் செல்ல வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேறில்லை. ஏழடிப்பட்டத்தில் வேண்டுதல் நிறைவேறும் என்றோ, நாவற்சுனையில் முழுகினால் வினை கழியும் என்றோ எவரேனும் கூறின், அவர்க்குக் கவுந்தியடிகளின் விடையைச் சொல்லலாம். நாம் செல்வது பெறுதற்கன்று, அறிதற்கு.

கொடும்பாளூரிலிருந்து பார்த்தால் கிழக்கே அன்னவாசல். திருச்சியிலிருந்து விராலிமலை, இலுப்பூர் வழியாகவும் அன்னவாசலை அடையலாம். கீரனூர் வழியே புதுக்கோட்டைச் சாலையில் சென்றும் அடையலாம். கீரனூர் வழியில் செல்வோர்க்கு நார்த்தாமலைக் குன்றுகள் காட்சி தரும். அங்குள்ள மேலமலையில் சமணர் குடகு என்றே வழங்கும் குடைவரை ஒன்று உண்டு. பிற்காலத்தில் அது திருமாலுக்குரிய கோயிலாயிற்று. பெயர் மட்டும் பழைய உரிமையாளரை மறவாமல் இன்றளவும் அப்படியே நிற்கின்றது.

புதுக்கோட்டை மன்னராட்சிப் பகுதி 1948-இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபின், 1974-இல் தனி மாவட்டமாகும் வரை, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆகவே எம் போன்ற முதியவர் சித்தன்னவாசலைத் திருச்சி மாவட்டத்து மலை என்று சொல்லிப் பழகியவர்கள்.

மலையின் அமைப்பு

மலை என்றவுடன் கொல்லிமலையையோ பச்சைமலையையோ எண்ண வேண்டா. வயலும் கண்மாயும் முட்புதரும் பரந்த சமவெளியில் வடக்குத் தெற்காய் நீண்டு கிடக்கும் மொட்டைப் பாறைக் குன்று இது. ஏறத்தாழ 70 மீட்டர் உயரமே உடையது. அடிவாரத்தில் கல்வட்டங்களும் முதுமக்கள் தாழிகளும் புதைந்த பெருங்கற்காலத்து ஈமக்காடுகள் உள்ளன. முனிவர் வருமுன்னரே இங்கு மக்கள் வாழ்ந்தனர், இறந்தனர், புதைக்கப்பட்டனர் என்பதற்கு அவை சான்று. இதைக் கட்டாயம் பிள்ளைகளுக்குக் காட்டுக. ஆளற்ற வனாந்தரத்தைத் தேடி முனிவர் வந்தனர் என்னும் எண்ணம் மாறும்.

பாறையில் குகை எங்ஙனம் உண்டாகின்றது? நிலத்தின் ஆழத்தில் பெருஞ்சுமைக்குக் கீழே இறுகிய பாறை இது. மேலிருந்த மண்ணும் கல்லும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிக்கப்பட்டு நீங்கியபின், சுமை குறைந்த பாறை சிறிது விரிகின்றது. விரியும்போது அதன் மேற்பரப்புக்கு இணையாகப் பிளவுகள் தோன்றுகின்றன. பகலின் வெயிலும் இரவின் குளிரும் மழைநீரும் அப்பிளவுகளை அகலப்படுத்த, பாறை அடுக்கடுக்காய் உரிகின்றது. வெங்காயத் தோல்போல என்று பாடநூல்கள் உவமை கூறும். நம் இல்லங்களில் அதற்கு இடமில்லையாதலின் வாழைத்தண்டின் மட்டைபோல என்று சொல்லிக்கொள்வோம். அவ்வாறு உரிந்த அடுக்குகளுள் கீழ்ப்பகுதி சரிந்து வீழ்ந்து மேற்பகுதி மட்டும் தாழ்வாரம்போல் நீண்டு நின்றால் குகைத்தளம் ஆகின்றது. உரிந்த இடத்துப் பள்ளத்தில் மழைநீர் தங்கினால் சுனை ஆகின்றது. குகையும் சுனையும் ஒரே செயலின் இரு விளைவுகள். முனிவர் தங்கிய மலைகளில் இவ்விரண்டும் அடுத்தடுத்துக் காணப்படுவது இதனாலேதான்.

இந்த இடத்தை மனிதர் குடையவில்லை. தளத்தைச் சமன்செய்து படுக்கை வெட்டியது மட்டுமே அவர்கள் செய்தது. பாண்டி நாட்டுக் குகைகள் பலவற்றில், மேற்பாறையின் நெற்றியில் ஒரு நீண்ட காடியையும் வெட்டியுள்ளனர். மேலிருந்து வழியும் மழைநீர் உட்புகாமல் அக்காடியின் விளிம்பில் தடைப்பட்டு வெளியே சொட்டும். எவ்வளவு குறைந்த உளிவேலையில் எவ்வளவு பெரும் பயன்!

ஏழு அடிகள்

குகை மலையின் கிழக்கு முகத்தில் உள்ளது. வழியோ மேற்குப் பக்கத்திலிருந்து செல்கின்றது. படியேறி மலையின் முதுகை அடைந்து, கிழக்கே இறங்கும்போது வழுக்குப் பாறைச் சரிவு குறுக்கிடுகின்றது. ஒருபுறம் பாறைச் சுவர். மறுபுறம் ஆழ்ந்த சரிவு. அச்சரிவில் கால் பதித்துச் செல்லக் குழிகள் வெட்டப்பட்டுள்ளன. அவை ஏழு என்பதால் ஏழடிப்பட்டம் என்று பெயர் வழங்குகின்றது. இப்போது கைப்பிடிக் கம்பி அமைத்துள்ளனர். அது இல்லாத காலத்தில் ஒவ்வோர் அடியையும் பார்த்தே வைத்திருக்க வேண்டும்.

சமிதிகள் ஐந்தனுள் முதலாவது இரியா சமிதி. ஓருயிர்க்கும் ஊறு நேராவண்ணம், முன்னே நிலத்தை நோக்கி, கருத்தோடு நடத்தல் அது. நூலில் படிக்கும்போது எறும்பைக் காத்தற்குரிய விதியாக மட்டுமே அது எனக்குத் தோன்றியது. அந்தச் சரிவில் கால் வைத்தபோது, தன்னையும் பிறவுயிரையும் காப்பது ஒரே பார்வைதான் என்பது விளங்கிற்று. பாறையிடுக்கில் ஓணானும் எறும்பு வரிசையும் இன்றும் உண்டு.

குகையின் உள்ளே தளம் அகன்றது. கூரை உட்செல்லச் செல்லத் தாழ்ந்து வருவதால் குனிந்தே செல்ல வேண்டும். வழவழப்பாக்கிய படுக்கைகள் 17 உள்ளன. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் கல்லிலேயே தலையணைபோல் சிறிது உயர்த்தி விட்டிருக்கின்றனர். பாதுகாப்பின் பொருட்டு இப்போது இரும்புக் கம்பித் தடுப்பு இட்டுள்ளனர்.

படுக்கைகளுள் பெரியதொன்றில், தமிழ் பிராமி எழுத்தில் அமைந்த கல்வெட்டு உள்ளது. கி.மு. இரண்டாம் அல்லது முதல் நூற்றாண்டினது என்று அறிஞர் கணிப்பர். அதில் வரும் ஊர்ப் பெயர்களைப் படிப்பதில் கருத்து வேறுபாடுகள் இருப்பினும் பொருள் தெளிவானதே. எருமிநாட்டு ஊரொன்றில் பிறந்த காவுதி ஒருவர்க்குத் தென்கு சிறுபொசிலைச் சார்ந்த இளையர் என்பார் செய்வித்த அதிட்டானம், அஃதாவது இருக்கை, இது. எருமிநாடு என்பது மைசூர்ப் பகுதி எனக் கருதப்படுகின்றது. காவுதி என்பது சமணப் பெரியார் ஒருவரைக் குறிக்கும் சிறப்புப் பெயர். கவுந்தி என்னும் பெயரோடு அதனை ஒட்டவைக்க நமக்கு ஆசை எழுவது இயல்பே, எனக்கும் எழுந்தது. ஆனால் ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது.

அன்பர்கள் இவ்வொரு வரியைச் சற்று நின்று எண்ண வேண்டும். காவிரிக்கு அப்பால், மலைத்தொடர்களுக்கு அப்பால், வேற்று நாட்டில் பிறந்த ஒருவர், வாகனம் ஏறாது கால்நடையாகவே இக்குன்றுவரை வந்திருக்கின்றார். இவ்வட்டாரத்தவர் ஒருவர் அவர்க்கு இருக்கை செய்து தந்திருக்கின்றார். அரசன் பெயர் அதில் இல்லை. வந்தவர் எங்கிருந்து வந்தார், செய்வித்தவர் யாவர் என்னும் இவ்விரண்டும் மட்டுமே எழுதத்தக்கன என்று அக்காலத்தவர் கருதினர். நாம் இன்று ஜினாலயத்துக்கு ஒரு மின்விசிறி அளித்தாலும் அதன் சிறகுகளில் எழுதும் பெயர்களின் நீளத்தை நினைத்துப் பார்க்கலாம்.

வேறு படுக்கைகளில், ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு வரையிலான எழுத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தொழக்குன்றத்துக் கடவுளன், திருநீலன், திருப்பூரணன், திட்டைச்சாரணன், திருச்சாத்தன், பூர்ணசந்திரன் என்பன அவற்றுட் சில. அரங்கத்துக் கல்தளத்தில் தோன்றிய சாரணரை நினைவூட்டும் பெயரும் அவற்றிடையே இருப்பதைக் காண்க. முதற் கல்வெட்டுக்கும் இப்பெயர்களுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் ஆகின்றன. அத்தனை காலமும் இக்குகை நம்மவர்க்கு மறந்த இடமாகவில்லை.

நான் செய்த பிழை

இங்கே என் சொந்தச் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1966-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து என் பாட்டனார் என்னைத் திருவரங்கத்திலிருந்த என் மாமன் வீட்டுக்கு அழைத்து வந்தார். அங்கிருந்து ஒருநாள் சித்தன்னவாசல் சென்றோம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாமன் மகனுக்கு என்னினும் ஓராண்டு குறைவு. பாட்டனார் மெல்ல இறங்கி வருமுன் நாங்கள் இருவரும் குகைக்குள் ஓடி, ஆளுக்கொரு படுக்கையில் நீட்டிப் படுத்துக்கொண்டு, யார் உயரத்துக்கு எது பொருந்துகின்றது என்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பாட்டனார் வந்து நின்றார். கடிந்துகொள்ளவில்லை. "எழுந்திருப்பா. இது தூங்குகிற படுக்கை என்று நினைத்தாயா?" என்றார். பிறகு எங்களை அருகில் அமர்த்தி விளக்கினார். பகலெல்லாம் சாத்திரம் ஓதி, தியானத்தில் நின்று, இரவில் சிறிதுநேரம் ஒருபுறமாய்ச் சாய்தற்கு இவ்விடம் பயன்பட்டிருக்கும். உடல் இனித் தவத்துக்கு உதவாது என்று உணர்ந்தபோது, உணவைச் சிறிது சிறிதாய்க் குறைத்து, எவர்மேலும் பகையும் பற்றும் இன்றிச் சல்லேகனை ஏற்று உடலை விட்ட இடமாகவும் இருந்திருக்கும். "நீ படுத்திருந்தது ஒருவர் கடைசியாகப் படுத்த இடமாக இருக்கலாம்" என்றார்.

அவர் கூறியதைவிட, நான் கூறாமல் மறைத்தது என்னை அதிகம் வருத்தியது. குகைக்கு வரும் வழியில், பாறைச் சுவரில், சட்டைப் பையிலிருந்த பம்பரத்து ஆணியால் என் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைக் கீறியிருந்தேன். திரும்பும் வழியில் பாட்டனார் அதைக் கண்டார். யார் கீறியது என்று கேட்கவில்லை. என் கையிலிருந்து ஆணியை வாங்கித் தம் மடியில் செருகிக்கொண்டார். அன்றிரவு மாமன் வீட்டில் பஞ்ச நமஸ்காரத்தை நூற்றெட்டு முறை என்னோடு அமர்ந்து தாமும் ஓதினார்.

பின்னர் நான் திருச்சியிலேயே பணியாற்றும் வாய்ப்புப் பெற்று, பன்முறை அம்மலைக்குச் சென்றேன். அக்கீறல் மங்கிற்றேயன்றி மறையவில்லை. அதனருகே வேறு பல பெயர்களும் பிறகு சேர்ந்தன. ஒருவன் கீறியதைக் கண்டு மற்றொருவன் கீறுகின்றான். திட்டைச்சாரணன் என்னும் பெயரும் பாறையில் வெட்டப்பட்ட பெயர்தானே, எம் பெயரில் என்ன குற்றம் என்று என் பெயர்த்தி ஒருமுறை கேட்டாள். நல்ல வினா. அம்முனிவர்கள் தம் பெயரைத் தாமே வெட்டிக்கொண்டனர் என்று நான் கருதவில்லை. உடைமையனைத்தும் துறந்தவர்க்கு உளியும் இல்லை, பெயரிலும் பற்றில்லை. அவர்களை வணங்கியவர், அவர்கள் இங்கே இருந்தார்கள் என்று பிறர்க்கு அறிவிக்க வெட்டுவித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நானோ நான் வந்தேன் என்று அறிவித்தேன். அவ்வளவுதான் அவளுக்குச் சொல்ல முடிந்தது.

படுக்கையில் எழுத்துகள் ஆழமாக வெட்டப்பட்டவையல்ல. அதன்மேல் அமர்ந்தாலும் செருப்புத் தேய்ந்தாலும் அவை கெடும். பக்தியின் மிகுதியால் எண்ணெயும் சந்தனமும் பூசினாலும் கெடும். பெருமான் திருமேனிக்கு உரிய அபிடேகம் கல்வெட்டுக்கு உரியதன்று. தொல்லியல் துறையின் தடுப்பு ஒரு பகுதியைக் காக்கும். எஞ்சியதை வருவோரின் அடக்கமே காக்க வேண்டும்.

சுனை யாருக்கு?

இம்மலையில் பாறைப் பள்ளத்தில் நீர் தங்கும் சுனை ஒன்று உள்ளது. அருகிருந்த நாவல் மரத்தால் நாவற்சுனை எனப் பெயர் பெற்றது. நாவச்சுனை என்பது பேச்சுவழக்கு. அதன் நீருக்கடியில், பாறையில் குடைந்த சிறு சிவன் கோயில் ஒன்று மூழ்கியுள்ளது. நீரை இறைத்தாலன்றி அது வெளிப்படாது. திருவரங்கத் தீவிலேயே உள்ள திருவானைக்காவின் தலமரமும் நாவலே என்பதும், நம் லோகாகமத்தில் நடுநின்ற தீவு ஜம்புமரத்தால் நாவலந்தீவு எனப் பெயர்பெற்றதும் இங்கு நினைவுக்கு வரலாம். ஒரு மரத்தைச் சுற்றி இத்தனை சமயத்தாரின் நினைவுகள் சேர்ந்திருப்பது கண்டு மகிழத்தக்கது. சுனையில் இலிங்கம் இருப்பது பற்றி நம்மவர் சிலர் மனம் சுருங்குவதுண்டு. தேவையில்லை. முனிவர் குகையும் சிவனுக்குரிய சுனையும் இப்போதும் ஒரே பாறையில் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. எல்லா மலைகளைக் குறித்தும் இவ்வாறு சொல்ல முடியாது.

"முனிவர்கள் சுனை நீரைப் பருகித் தவம் செய்தனர்" என்று வழிகாட்டிகளும் சில நூல்களும் கூறிவிடுகின்றன. நம் முனிவரின் ஒழுக்கத்தை அறிந்தவர்க்கு இது பொருந்தாக் கூற்று என்று உடனே தெரியும். திகம்பர முனிவர் நாளுக்கு ஒருமுறை, சிராவகர் இல்லத்தில், நின்றபடியே, கையையே கலமாகக் கொண்டு ஆகாரம் ஏற்பர், நீரும் அப்போதே. கமண்டலத்து நீரும் சிராவகர் வடிகட்டிக் காய்ச்சித் தருவதே. உயிர்கள் நிறைந்த பச்சைநீரைத் தாமே முகந்து பருகுவது அவர் நெறியன்று. அப்படியாயின் சுனை யாருக்கு? முனிவரைக் காண மலையேறி வந்த இல்லறத்தாருக்கும், ஆடுமாடு மேய்ப்போருக்கும், விலங்குக்கும் பறவைக்கும் அது பயன்பட்டிருக்கும். முனிவர்க்கு உயிர்நீராய் இருந்தது கீழேயுள்ள ஊர். குகை ஊருக்கு எட்டாத தொலைவில் இல்லாமைக்கு இதுவே காரணம். காலையில் இறங்கி ஆகாரம் ஏற்று மீண்டும் ஏறிவிடத்தக்க தொலைவு அது. இளையர் என்னும் அக்கொடையாளரின் பெயரை நான் மீண்டும் மீண்டும் எண்ணுவதற்கும் காரணம் இதுதான். இருக்கையை மட்டுமா தந்திருப்பார்? அவர் போன்றோர் வீட்டு வாயிலில் யாரேனும் நாள்தோறும் எதிர்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

மழைக்கால வாசத்தை இங்கே எப்படி நோற்றனர் என்பதும் எண்ணத்தக்கது. ஆனித் திங்கள் முழுமதியை ஒட்டித் தொடங்கும் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குதல் மரபு. வடநாட்டில் அதுவே பெருமழைக் காலம். இப்பகுதியிலோ ஐப்பசி கார்த்திகையில்தான் பெருமழை. மரபின்படியான நான்கு மாதம் முடியும் தறுவாயில் இங்கே அடைமழை தொடங்கியிருக்கும். ஓடைகள் பெருகி, புழுபூச்சிகள் தரையெங்கும் நிறைந்திருக்கும் அக்காலத்தில், தங்கலை நீட்டித்தனரா? அறிஞர் பெருமக்கள் ஆராய்ந்து எழுதினால் நன்று.

அறிவர் கோயிலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கின்றேன். அதனைப் பலரும் எழுதியுள்ளனர். மலையின் மேற்குச் சரிவில் உள்ள இக்குடைவரையின் விதானத்துத் தாமரைத் தடாகம், சமவசரணத்தில் பவ்விய ஜீவர்கள் கடந்து செல்லும் காதிகா பூமி எனக் கொள்ளப்படுகின்றது. மலர் கொய்வோரும் யானையும் எருமையும் மீனும் அன்னமும் அதில் உள்ளன. ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுத்ததை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு கூறும். அர்த்தமண்டபத்தில் பார்சுவநாதரையும் எதிரே ஆசாரியர் ஒருவரையும் வணங்கலாம். முக்குடை உள்ளவர் தீர்த்தங்கரர், ஒற்றைக் குடை உள்ளவர் ஆசாரியர் என்று பிள்ளைகளுக்கு வேறுபாடு காட்டுக. ஏழடிப்பட்டத்தில் முனிவர் இருந்தமையால்தான் இம்மலை புனிதமாயிற்று. இம்மலை புனிதமாயினமையால்தான் இங்கே கோயில் குடையப்பட்டது. கோயில் இருந்தமையால்தான் ஓவியம் தீட்டப்பட்டது என்பது என் துணிபு. ஆகவே காணும் முறையையும் அவ்வாறே அமைத்துக்கொள்வது சிறப்பு. முதலில் குகை, பிறகு கோயில்.

கற்களுக்கு வந்துள்ள இடர்

புதுக்கோட்டை வட்டாரத்தில் கருங்கல் குவாரிகள் பல உள்ளன. சித்தன்னவாசல் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அதன்மேல் வெடி வைப்பார் இல்லை. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானமும் சுரங்க வேலையும் கூடா. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. ஆனால் கல்வெட்டோ சிற்பமோ இல்லாத, எவர் ஏட்டிலும் ஏறாத சிறு குன்றுகளுக்கு அக்காவல் இல்லை. அவற்றில் படுக்கை இருந்ததா என்று பார்த்தவர் யார்? உடைத்தபின் பார்க்க இயலாது. ஊர் ஊராகச் சென்று நம் பழைய தடயங்களைத் தேடும் இளைஞர், ஆடு மேய்ப்போரிடம் முதலில் கேட்கட்டும். "இங்கே கல்லில் தலையணை மாதிரி வெட்டியிருக்கிறதா?" என்று கேட்டால், பஞ்சபாண்டவர் படுக்கை என்றோ சமணர் மேடை என்றோ ஏதேனும் ஒரு பெயர் சொல்வார்கள். கண்டதை நிழற்படமெடுத்து, ஊர்ப் பெயரோடு தொல்லியல் துறைக்கு எழுதுவது ஓர் அஞ்சலுறையின் செலவே.

செல்வோர் கவனிக்க

திருச்சியிலிருந்து விடியற்காலையில் புறப்படுக. குகை கிழக்கு நோக்கியதாதலின் காலைக் கதிர் உட்புகுந்து படுக்கைகளின் எழுத்தைச் சாய்வொளியில் தெளிவாய்க் காட்டும். ஏறும் வழி மேற்கே இருப்பதால் அந்நேரம் அங்கே நிழலும் கிடைக்கும். பத்து மணிக்குமேல் பாறை சுடத் தொடங்கிவிடும். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் முதியோரையும் சிறு குழந்தைகளையும் அழைத்துச் செல்லாதிருத்தல் நலம். மழை பெய்த மறுநாள் ஏழடிச் சரிவு வழுக்கும், அன்று தவிர்த்துவிடுக. காய்ச்சி வடிகட்டிய நீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்க. நாவற்சுனையில் காலையோ கையையோ நனைக்க வேண்டா. அதில் வாழ்வன பல. உணவைக் குகையில் பிரிக்காமல் அடிவாரத்து மரநிழலில் வைத்துக்கொள்ளலாம்; ஞெகிழித் தாளைத் திரும்பக் கொண்டுவருக. பிள்ளைகளின் சட்டைப் பைகளை ஏறுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்வதும் நன்று.

கோயிலைக் கண்டு முடிக்க நண்பகலாகும். அதன்பின் பொழுதிருப்பின் குடுமியான்மலை அண்மையிலேயே உள்ளது. அங்குள்ள இசைக் கல்வெட்டைக் காணலாம். நான்கு மணிக்குள் புறப்பட்டால், பகலவன் மறையுமுன் திருவரங்கத்தை அடைந்து இரவுண்ணாமை நோற்போர் ஆகாரத்தை முடித்துக்கொள்ளப் பொழுது இருக்கும்.